முதல் ஏலத்துப் பரங்கிக்காய்

போனஸ் வந்த அன்றைக்கு ஆண்டனிராஜுக்குச் சந்தோஷம் வரவில்லை. மறுநாள் வரும் என்று நினைத்தான். மறுநாளும் வரவில்லை.

மதுரையில் ஒரு ஹோட்டலின் ஏ.சி. ஹாலில் வைத்துக் கொடுத்தார்கள். சொட்டுநீர்க் குழாய் விற்கிற கம்பெனி அது. தென்மாவட்டங்களில் அந்த வருடம் அதிகம் விற்ற ஆள் என்று அவன் பேரைச் சொன்னார்கள். கதவு அகலத்துக்கு ஓர் அட்டைக் காசோலை; அதில் ஒரு லட்சத்து எண்பதாயிரம் என்று எழுதியிருந்தது. ஒரு முனையை அவனும் மறுமுனையைக் கோயம்புத்தூரிலிருந்து வந்த மேலதிகாரியும் பிடித்துக்கொண்டு நிற்கப் படம் எடுத்தார்கள். கைதட்டினார்கள். சாப்பாடு போட்டார்கள். திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தது. சின்னாளப்பட்டி தாண்டும்போது போன் சிணுங்கி, பணம் கணக்கில் ஏறிவிட்டதாகச் செய்தி வந்தது. பார்த்தான். போனை அணைத்துவிட்டு வெளியே வேடிக்கை பார்த்தான். அவ்வளவுதான்.

வீட்டில் ஜெயமேரி கேசரி செய்து வைத்திருந்தாள். அடுக்களைக்கு மேல் இருக்கும் ஆஸ்பெஸ்டாஸை எடுத்துவிட்டு கான்கிரீட் போட்டுவிடலாம், மழைக்கு ஒழுகாது என்றாள். அவள் பள்ளிக்கூடத்து டீச்சர். எதையும் திட்டம் போட்டுப் பேசுவாள். "போடலாம்" என்றான். பெரிய மகளைச் சேர்த்திருக்கிற கல்லூரிக்கு ஒரு தொகை கட்டலாம் என்றாள். "கட்டலாம்" என்றான். கேசரியில் நாலு வாய் தின்றுவிட்டுப் போய்ப் படுத்தான்.

அப்புறம் ஒரு வாரம் அப்படியே போனது. காய்ச்சல் விட்ட மறுநாள் போலக் கைகால் கனத்தது. சாப்பாடு இறங்கவில்லை. சேவுகம்பட்டிப் பக்கம் தோட்டங்களுக்குப் போகிற வேலை இருந்தும், வண்டியை வத்தலக்குண்டு ரோட்டில் ஒரு புளியமரத்தடியில் நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தான். ஜெயமேரி அவனைக் கூட்டிக்கொண்டு போய்ச் சர்க்கரை பார்த்தாள், பிரஷர் பார்த்தாள். எல்லாம் சரியாக இருந்தது.

"ஏங்க, எல்லாரும் போனஸ் வரலன்னுதான் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிருவாக. நீங்க வந்ததுக்கு வச்சிருக்கீங்க" என்றாள்.

அவனுக்கே காரணம் முழுதாகத் தெரியவில்லை. ஒன்று மட்டும் தெரிந்தது. பதினோரு வருடமாக அவன் வெயிலில் அலைந்து குழாய் விற்றது ஒரே ஓர் ஆள் வயிறு எரிய வேண்டும் என்பதற்காக. பணம் வந்துவிட்டது. அந்த வயிறு எரிந்ததாகத்தான் ஒரு தகவலும் இல்லை.

அந்த ஆள் ஜெயமேரியின் அண்ணன் பெலிக்ஸ். திண்டுக்கல் பழனி ரோட்டில் குழாய், வால்வு, மோட்டார்ச் சாமான் விற்கிற கடை. கல்யாணமான புதிதிலேயே ஆண்டனிராஜ் அந்தக் கடையில் சேர்ந்து ஏழெட்டு வருடம் வேலை பார்த்தான். மச்சான் கடை என்று சம்பளத்தைக்கூட வாய் திறந்து கேட்டதில்லை. ஒருநாள் பித்தளை வால்வுப் பெட்டி ஒன்று குறைந்தது. மத்தியானம் சாப்பிட உட்கார்ந்த ஆண்டனிராஜிடம் பெலிக்ஸ் வந்து, கடைப் பையன்களும் வந்திருந்த கொத்தனார்களும் பார்த்துக்கொண்டிருக்க, "அந்தக் கேரியரத் தொற மாப்ள" என்றான். விளையாட்டுக்கு என்று நினைத்து இவன் திறந்தான். பெலிக்ஸ் ஒவ்வொரு அடுக்காகத் தூக்கிப் பார்த்தான். பீன்ஸ் பொரியலைப் பார்த்தான். கடைசி அடுக்கில் தயிர்ச்சோறு. மேசைமேல் கிடந்த ஸ்க்ரூடிரைவரை எடுத்து அந்தச் சோற்றை ஒரு கிண்டு கிண்டினான்.

சோறு நிறைந்த கேரியரில் வால்வு இருக்காது என்று அங்கே நின்ற எல்லாருக்கும் தெரியும். பெலிக்ஸுக்கும் தெரியும். ஆண்டனிராஜ் கேரியரை மூடாமலே எழுந்து வந்தான். அதற்கப்புறம் அந்தக் கடைப் படி ஏறவில்லை. பெலிக்ஸும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நல்லது கெட்டதுகளில் பார்த்தால் "என்ன மாப்ள" என்பான். எதுவும் நடக்காத மாதிரி. அதுதான் இவனுக்கு ஆறவே இல்லை. ஜெயமேரி மட்டும் பண்டிகைக்குப் பண்டிகை அண்ணன் வீட்டுக்குப் போய்வந்துகொண்டிருந்தாள். அந்த வால்வுப் பேச்சை அவளும் எடுத்ததில்லை, இவனும் எடுத்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்த ஜெயமேரி சேலை மாற்றிக்கொண்டே சொன்னாள்: "அண்ணன் கோவில் வாசல்ல வச்சு உங்களப் பத்தித்தான் பேசிக்கிட்டு இருந்துச்சு. பெருமையாத்தான் பேசுச்சு."

"என்ன பேசுனான்?"

"'நம்ம மாப்ளக்கி லட்சக்கணக்குல போனஸ். எல்லாம் நம்ம கடையில பழகுன தொழிலு. கையப் புடிச்சுக் கத்துக் குடுத்தேன்'னு சாமியார்ட்டயே சொல்லுச்சு."

ஆண்டனிராஜ் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தான். காது சூடானது. "வெஞ்சனம் என்ன?" என்று கேட்டான்.

"கத்திரிக்கா. ஏன்?"

"சோறு போடு."

எட்டு நாளுக்குப் பிறகு அன்றுதான் வயிறாரச் சாப்பிட்டான்.

அவர்கள் தெரு அந்தோணியார் கோவிலில் ஒரு வழக்கம் உண்டு. ஜூன் மாதத் திருவிழாவுக்குக் கொடி ஏறியதும் சனங்கள் காணிக்கைப் பொருளைக் கொடிமரத்தடியில் கொண்டுவந்து வைப்பார்கள். தேங்காய், கோழி, வாழைத்தார், மல்லிகைப்பூ, எது விளைகிறதோ அது. திருவிழா முடிந்து மறுநாள் காலை கொடியிறக்கியதும் எல்லாம் ஏலம். யார் முதலில் கொண்டுவந்து வைத்தார்களோ அந்தப் பொருள்தான் முதல் ஏலம். அதை எடுக்கிறவருக்கு அந்த வருடம் ஏறுமுகம் என்று நம்பிக்கை. நம்பிக்கையைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருந்தது. முதல் ஏலம் எடுத்தவர் தன் நன்றியறிதலைச் சொல்லலாம். அவர் என்ன சொன்னாலும் அதை ஒரு எழுத்து குறைக்காமல் ஏலம் போடுகிறவர் மைக்கில் மூன்று தரம் சொல்ல வேண்டும். குழாய் ஸ்பீக்கர் மெயின் ரோடு வரைக்கும் கம்பத்துக்குக் கம்பம் கட்டியிருக்கும்.

எட்டு வருடமாக முதல் ஏலம் பெலிக்ஸ்தான். எட்டு வருடமாக, "பழனி ரோடு பெலிக்ஸ் டிரேடர்ஸ், அனைத்து முன்னணிக் கம்பெனி பைப்புகளும் ஒரே இடத்தில், வியாபாரம் செழித்ததற்குக் கோடி நன்றி" என்று அந்தோணியாருக்கு விளம்பரம் போய்க்கொண்டிருந்தது. ஒரு வருடம் கடை போன் நம்பரையும் சேர்த்துச் சொல்லச் சொன்னான்.

அந்தோணியார் காணாமல் போனதைக் கண்டுபிடித்துத் தருகிற சாமி. இந்த வருடம் கொடிமரத்தடியில் முதலில் வந்து உட்கார்ந்தது ஒரு பரங்கிக்காய். வைத்தது சேவுகம்பட்டி ஒச்சப்பன். ஆண்டனிராஜிடம் சொட்டுநீர்க் குழாய் வாங்கிப் போட்ட விவசாயி. அவருக்கு மாதாகோவில் பழக்கமில்லை என்றாலும், காணாமல் போன சினைமாடு நேர்ந்துகொண்ட மூன்றாம் நாள் தானாக வீட்டுக்கு வந்துவிட்டதால், தோட்டத்திலேயே பெரிய காயாகப் பார்த்து அறுத்துத் தோளில் சுமந்து பஸ் ஏறி வந்திருந்தார்.

அந்தப் பரங்கிக்காயைப் பார்த்ததும் ஆண்டனிராஜுக்கு என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்துவிட்டது. வீட்டுக்கு வந்து ஜெயமேரியிடம் சொன்னான்.

"முதல் ஏலம் நான் எடுக்கப் போறேன்."

"எடுங்க. ஒரு ரெண்டாயிரம் மூவாயிரம் ஆகுமா?"

"எம்புட்டு ஆனாலும். என்ன சொல்லச் சொல்லப் போறேன்னு கேளு. 'பெலிக்ஸ் டிரேடர்ஸ் கடையில் தன்மேல் விழுந்த திருட்டுப் பழியிலிருந்து தன்னைக் காப்பாற்றியதற்காக, காணாமல்போன நல்ல பேரைத் திருப்பிக் கொடுத்ததற்காக, ஆண்டனிராஜ்.'"

ஜெயமேரி கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். "வேண்டாங்க. அது பழைய கத. எங்க அண்ணன் பேரு நாறிப் போயிரும்."

"என் பேரு மணத்துக்கிட்டு இருக்கா?"

"அடுக்களைக்கு மேல போடணும்னு சொன்னோமே..."

"ஒழுகட்டும்."

அவள் இதை அண்ணனிடம் சொல்லிவிடுவாள் என்று அவனுக்குத் தெரியும். சொல்லட்டும் என்றுதான் சொன்னான்.

சொன்னாள். கொடியிறக்கத்தன்று காலை கோவில் வேப்பமரத்தடியில் பெலிக்ஸ் அவன் தோளில் கை போட்டான். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, கழுத்தில் சங்கிலி. "மாப்ள, குடும்பத்துக்குள்ள இருக்கறத மைக்குல ஏத்தக் கூடாது."

"சரி. ஏத்தல. நீ இங்கனயே இந்தச் சனத்துக்கு முன்னால வாயால சொல்லிரு."

"என்னத்தச் சொல்ல?"

"நான் எடுக்கலன்னு."

பெலிக்ஸ் சிரித்தான். "நீ எடுத்தேன்னு நான் எப்ப சொன்னேன்? கேரியரப் பாத்தேன். அம்புட்டுதான?"

ஆண்டனிராஜ் தோளிலிருந்த கையை எடுத்துக் கீழே விட்டான்.

ஏலம் போடுகிறவன் செபஸ்தியான். மற்ற நாளில் எலக்ட்ரிக் வேலை. திருவிழாவுக்கு மைக் அவன் கைக்கு வந்துவிடும். பரங்கிக்காயை இரண்டு கையாலும் தூக்கிக் காட்டினான். "சேவுகம்பட்டிப் பரங்கிக்காய்! சினைமாட்ட வீட்டுக்குக் கூட்டியாந்த பரங்கிக்காய்! அந்தோணியார் பேரச் சொல்லி ஆயிரம் ரூவா!"

"அஞ்சாயிரம்" என்றான் பெலிக்ஸ், எட்டு வருடப் பழக்கத்தில், யாரையும் பார்க்காமல்.

"பத்து" என்றான் ஆண்டனிராஜ்.

கூட்டம் திரும்பிப் பார்த்தது. மச்சானும் மாப்பிள்ளையும் ஏலத்தில் மோதி அந்தத் தெரு பார்த்ததில்லை. முதலில் கேலியாக இருந்தது. "ஏலே, மாமியார் வீட்டுச் சீரு இப்பத்தான் வருதுடா" என்று யாரோ சொன்னார்கள். இருபது தாண்டியதும் கேலி நின்றது. நாற்பது தாண்டியதும், சாமியார் வீட்டு ஜன்னலில் சாமியாரே வந்து நின்றார். ஒச்சப்பன் ஆண்டனிராஜின் முழங்கையைப் பிடித்து இழுத்தார்.

"தம்பி, தோட்டத்துல இன்னும் பதினஞ்சு காய் கெடக்கு. உங்களுக்கு வேணும்னா நான் சும்மாத் தாரேன். இது என்ன தம்பி கூத்து?"

"செத்த நேரம் சும்மா இருங்கண்ணே."

எண்பதைச் சொன்னபோது பெலிக்ஸின் குரல் கொஞ்சம் உடைந்தது. ஆண்டனிராஜ் அதைக் கேட்டான். அவனுக்கு வேறொன்றும் தெரியும். இந்தத் தொழிலில் அலைகிறவனுக்குத் தெரியாமல் இருக்காது. ஒரு வருடமாக எந்தக் கம்பெனியும் பெலிக்ஸுக்குக் கடனுக்குச் சரக்கு கொடுப்பதில்லை. கையில் காசு வைத்தால்தான் லோடு இறங்குகிறது. கழுத்துச் சங்கிலியும் கடை போர்டும்தான் பழையபடி மினுங்கிக்கொண்டிருந்தன.

"தொண்ணூறு" என்றான் ஆண்டனிராஜ்.

"ஒரு லட்சம்!" என்றான் பெலிக்ஸ். கூட்டத்திலிருந்து ஒரு பெருமூச்சு எழுந்தது.

செபஸ்தியான் பரங்கிக்காயை மெதுவாகக் கீழே வைத்தான். கை வலித்திருக்கும். "ஒரு லட்சம் ஒருதரம்..."

பக்கத்தில் நின்ற ஒருவன் ஆண்டனிராஜின் காதில் கிசுகிசுத்தான். "விட்டுருண்ணே. மாட்டிக்கிட்டுச் சாகட்டும்."

அது நல்ல யோசனைதான். ஒரு நொடி அதை நாக்கில் வைத்துச் சுவைத்துப் பார்த்தான். இந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டால் போதும். கோவில் பணம், கட்டாவிட்டால் பூசையில் பேர் வாசிப்பார்கள். சங்கிலி போகும். வண்டி போகும். ஒருவேளை கடையும் போகும். ஒரு காய்கறிக்காக.

ஆனால் ஏலத்தை அவனுக்கு விட்டால் மைக்கும் அவனுக்குப் போகும். பெலிக்ஸ் அந்த மைக்கில் என்ன சொல்லச் சொல்வான் என்று ஆண்டனிராஜுக்குத் தெரிந்தது. அந்தப் பல்லிளிப்புடன், "எங்கள் கடையில் தொழில் பழகிய மாப்பிள்ளை ஆண்டனிராஜுக்குப் போனஸ் கிடைத்ததற்காக" என்பான். மூன்று தரம். மெயின் ரோடு வரைக்கும்.

"ரெண்டுதரம்..."

"ஒரு லட்சத்து அஞ்சாயிரம்."

பெலிக்ஸ் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, கூட்டத்தை விலக்கியபடி வாசல் பக்கம் நடந்தான். மூன்று தரமும் சொல்லி முடிப்பதற்குள் அவன் வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது.

செபஸ்தியான் மைக்கை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு குனிந்தான். "என்ன சொல்லணும்ணே?"

ஆண்டனிராஜ் சொன்னான். செபஸ்தியானின் முகம் மாறியது. "அண்ணே, யோசிச்சுச் சொல்லுண்ணே. வாய்விட்டா வாங்க முடியாது."

"வழக்கம் என்ன? எடுத்தவன் சொன்னதச் சொல்றது. சொல்லு."

செபஸ்தியான் சொன்னான். வழக்கமான பாட்டுக் குரலில் இல்லாமல், நீதிமன்றத்தில் வாசிப்பது போலச் சொன்னான். பெலிக்ஸ் டிரேடர்ஸ் கடையில் தன்மேல் விழுந்த திருட்டுப் பழியிலிருந்து. கம்பத்துக்குக் கம்பம் ஒவ்வொரு குழாயும் ஒரு மூச்சு பிந்தி அதையே சொன்னது. திருட்டுப் பழியிலிருந்து, பழியிலிருந்து. பெண்கள் பக்கத்தில் ஜெயமேரி முக்காட்டை இழுத்து முகத்தை மறைத்துக்கொண்டு நின்றாள்.

ஆண்டனிராஜ் பரங்கிக்காயைத் தோளில் வைத்துக்கொண்டு தெரு நடுவே நடந்து வீடு வந்தான். உடம்பில் பாரமே இல்லை.

அந்த நிம்மதி மறுநாள் காலை டீக்கடை வரைக்கும்தான். ரிஃபாத் கடை, பஸ் ஸ்டாண்டுக்குப் பின்பக்கம், தினமும் டீ குடிக்கிற இடம். ரிஃபாத் டீயை ஆற்றிக்கொண்டே கேட்டான்: "சார், நீங்க திருடுனீங்களாமே?"

"திருடல."

"அதான் சார், திருடலன்னு மைக்குல சொன்னாங்களாம்ல. என்னத்தத் திருடல?"

பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாரும் டம்ளரை இறக்கிவிட்டுப் பார்த்தார்கள்.

ஆண்டனிராஜுக்கு அப்போதுதான் உறைத்தது. அன்று கடையில் நடந்ததைப் பார்த்தது பத்துப் பேர்கூட இல்லை. அதில் பாதிப் பேர் இன்று ஊரிலேயே இல்லை. அந்தத் திருட்டுப் பழி யாருக்கும் தெரியாமல் செத்துக் கிடந்தது. ஒரு லட்சத்து ஐயாயிரம் செலவழித்து அதைத் திண்டுக்கல் முழுக்கக் கேட்கிற மாதிரி அவனே எழுப்பி நடக்க விட்டிருக்கிறான். சாயங்காலத்துக்குள் கோயம்புத்தூர் மேலதிகாரி போன் செய்தார். "என்ன ஆண்டனி, ஏதோ போலீஸ் கேஸ்னு டீலர் ஒருத்தர் சொல்றாரு?"

ஆண்டனிராஜ் சொல்ல ஆரம்பித்தான். கேரியரிலிருந்து ஆரம்பித்தான். பீன்ஸ் பொரியலைச் சொன்னான். ஸ்க்ரூடிரைவரைச் சொன்னான். கடைசியில் மேலதிகாரி, "சோத்தையா கிண்டினான்? அடப்பாவி" என்றார்.

அந்த 'அடப்பாவி' இனித்தது.

அதற்கப்புறம் அவன் யாரும் கேட்கும்வரை காத்திருக்கவில்லை. ரிஃபாத் கடையில் சொன்னான். வத்தலக்குண்டு மார்க்கெட்டில் சொன்னான். சேவுகம்பட்டித் தோட்டங்களில் குழாய் அளக்கும்போது சொன்னான். நிலக்கோட்டைப் பூக்காரர்களிடம் சொன்னான். சொல்லச் சொல்லக் கதைக்கு வடிவம் வந்தது. எங்கே நிறுத்த வேண்டும், எங்கே குரலை இறக்க வேண்டும் என்று பழகியது. ஸ்க்ரூடிரைவர் வரும் இடத்தில் வலது கையால் ஒரு சுழற்று சுழற்றிக் காட்டுவான். சோறு விளைவிக்கிற ஆட்களிடம் அந்த இடம் தப்பாமல் வேலை செய்தது. ஒச்சப்பன் காறித் துப்பினார். "திருடுனவனா இருந்தாக்கூடத் தின்னுட்டு வரட்டும்னு விட்டுல்ல கேக்கணும்?"

ஆவணி பிறப்பதற்குள் பெலிக்ஸ் டிரேடர்ஸுக்கு வேறு பேர் வந்துவிட்டது. பித்தளை வால்வு எங்கே கிடைக்கும் என்று கேட்டால், "சோத்தக் கிண்டுற கடையில இருக்கும்" என்று கொத்தனார்கள் சொன்னார்கள். கடைக்கு வழி கேட்டு வந்த ஒருவர் பெலிக்ஸிடமே அப்படிக் கேட்டுவிட்டாராம். கடைப் பையன்கள் மதிய நேரம் பெலிக்ஸைக் கண்டதும் சாப்பாட்டை மூடினார்களாம். ஆண்டனிராஜ் இதையெல்லாம் விவரமாகக் கேட்டு வாங்கிக்கொண்டான். வயலில் இறங்கினால் பசித்தது. படுத்தால் தூக்கம் வந்தது. அந்தப் பணம் கணக்கில் ஏறிய அன்று வர வேண்டியது, பணம் போன பிறகு வந்திருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பெலிக்ஸ் வீட்டுக்கு வந்தான். வெள்ளைச் சட்டை கசங்கியிருந்தது. கழுத்தில் சங்கிலி இல்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு அவனே உட்கார்ந்துகொண்டான். ஜெயமேரி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு அடுக்களை நிலையில் சாய்ந்து நின்றாள்.

"மாப்ள, போதும். ஊருக்கு ஊரு போயி என் குடலை உருவிட்ட. இன்னியோட நிறுத்து."

"நான் கேட்டது ஒரு வார்த்த. அன்னிக்கே கேட்டேன்."

பெலிக்ஸ் தண்ணீரைக் குடித்து முடித்தான். "சரி. நீ எடுக்கல. போதுமா?"

"எப்பத் தெரியும் உனக்கு?"

"எப்பத் தெரிஞ்சா என்ன?"

"எப்பத் தெரியும்?"

"அந்தப் பெட்டி சின்னாளப்பட்டி லோடோட மாறிப் போயிருந்துச்சு. நீ போன அந்த வாரமே திருப்பி அனுப்பிச்சுட்டாங்க." பெலிக்ஸ் தரையைப் பார்த்துச் சொன்னான். "முதலாளி போயித் தங்கச்சி புருஷன்ட்ட மன்னிப்புக் கேட்டா, கடைப் பயலுக எவன் மதிப்பான்? நாளாக நாளாக விட்டுப் போச்சு."

பதினோரு வருடம் அவன் இதற்காகக் காத்திருந்தான். கிடைத்துவிட்டது. எழுந்து அவன் சட்டையைப் பிடிக்கலாமா என்று ஆண்டனிராஜ் யோசிப்பதற்குள், அடுக்களை நிலையிலிருந்து ஜெயமேரி பேசினாள்.

"ஏண்ணே, எனக்குச் சொல்லலாம்ல?"

"உன்ட்ட சொன்னா நீ இவன்ட்ட சொல்லிருவ."

"அந்த வாரமேவா வந்துச்சு பெட்டி?"

"ஆமாத்தா."

ஜெயமேரி முன்னால் வந்தாள். அவள் குரல் வகுப்பில் கடைசி பெஞ்சு வரை கேட்கிற குரல். இப்போது பக்கத்திலிருக்கிறவருக்கே கேட்காத மாதிரி பேசினாள். "நீ சும்மா ஒருத்தரப் போயி அப்படிச் செய்ய மாட்டேன்னு நெனச்சேன் அண்ணே. என் அண்ணன் செஞ்சா ஏதோ இருக்கும்னு நெனச்சேன். பதினோரு வருஷமா இவரு சட்டையத் தொவைக்கப் போடும்போதெல்லாம் பையில கைய விட்டுப் பாத்துட்டுத்தான் போட்டேன். எங்க இருந்தாச்சும் எதையாச்சும் எடுத்தாந்திருக்காரான்னு."

பெலிக்ஸ் எழுந்தான்.

"நில்லு. வெளிய வா" என்றாள் அவனிடம். அவன் கையைப் பிடித்து வாசலுக்கு இழுத்தாள். எதிர்வீட்டில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பெண் திரும்பிப் பார்த்தாள். "இங்க நின்னு சொல்லு, இப்ப என்ட்ட சொன்னத. தெருவுக்குக் கேக்கச் சொல்லு." பெலிக்ஸ் கையை உதறிக்கொண்டு வண்டியை நோக்கிப் போனான். ஜெயமேரி வாசலிலேயே நின்றாள். வண்டி முக்கு திரும்பும்வரை அவன் முதுகைப் பார்த்துக் கத்தினாள். அவன் கடைப் பேரைச் சொல்லி, சின்னாளப்பட்டி லோடைச் சொல்லி, தெரிந்தே மூடி வைத்ததைச் சொல்லிக் கத்தினாள். கதவுகள் திறந்தன. மைக்கில்லாமலே தெரு முழுக்கக் கேட்டது.

ஆண்டனிராஜ் உள்ளே நாற்காலியில் இருந்தபடி அவள் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தான். தன் நல்ல பேருக்காக இப்படித் தொண்டை கிழியக் கத்தியவர் இதுவரை யாருமில்லை. அவன் கேட்க விரும்பிய ஒவ்வொரு வார்த்தையும் அதில் இருந்தது. ஆனால் அவன் காதில் வேறொன்றுதான் ஓடிக்கொண்டிருந்தது. இவ்வளவு நாளும் அவனுக்குச் சோற்றைப் போட்டுவிட்டுத் திரும்பியவுடன் அவன் சட்டைப் பையில் கைவிட்டுப் பார்த்திருக்கிறாள்.

திரும்பி வந்தவள் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். "இனி அந்த வீட்டுப் பக்கம் எட்டிக்கூடப் பாக்க மாட்டேன்" என்றாள். "என்ட்ட ஏதாச்சும் கோவமாங்க?"

"இல்ல" என்றான். "சோறு போடு."

மறுநாள் காலை குளிக்கப் போகுமுன் முந்தின நாள் சட்டையை அழுக்குத் துணிக் கூடையில் போட்டான். போடுவதற்கு முன் அதன் பையை உள்பக்கமாக இழுத்து வெளியே தொங்க விட்டு, விரலால் நீவிச் சரிசெய்தான். ஜெயமேரி கூடையை எடுக்க வந்தவள் அதைப் பார்த்தாள். அப்படியே சோப்புப் போட்டுத் துவைத்துக் கொடியில் காயப்போட்டாள். அதற்கு அடுத்த நாளும் அவன் அப்படியே செய்தான். அதற்கு அடுத்த நாளும்.